விமானத்தில் யாருக்கு எவ்வளவு இடம்?



கடல் கடந்து வேலை பார்க்கும் மகனையோ மகளையோ கண்டு வர விமானம் ஏறும் முதியோர் நம் ஊர்களில் பெருகிவிட்டனர். முன்பெல்லாம் காசிக்குப் போய் வந்தவரைப் பார்க்கத் தெருவே கூடும். இன்றோ சிட்னிக்கும் லண்டனுக்கும் போய் வந்தவர்கள் தெருவுக்கு இருவர் மூவர் இருக்கின்றனர். என் மகள் சிட்னியில் குடியிருப்பதால் நானும் அவ்வாறு போய் வருகிறவன். ஆகையால் புறப்பட ஆயத்தமாகும் நண்பர்கள் பலர் என்னிடம் வந்து, “சார், எந்தக் கம்பெனி விமானத்தில் போனால் சௌகரியம்?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

கேள்வி எளியது, விடைதான் எளியதன்று. விமானத்தைச் செய்பவர் ஒருவர். வாங்கி ஓட்டுபவர் மற்றொருவர். செய்பவர் கொடுப்பது கூடு மட்டுமே. அந்தக் கூட்டிற்குள் எத்தனை ஆசனங்கள், எவ்வளவு அகலம், எவ்வளவு கால் நீட்டும் இடம், எத்தனை கழிவறைகள் என்பவற்றையெல்லாம் முடிவு செய்கிறவர் வாங்குபவரே. ஒரே வார்ப்பில் வந்த இரண்டு விமானங்கள், இரண்டு கம்பெனிகளிடம் போனதும் அடையாளமே தெரியாதபடி மாறிவிடுகின்றன. ஒரே கம்பெனியிடம் உள்ள இரண்டு விமானங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே கம்பெனியின் பெயரை மட்டும் கேட்பவருக்குப் பாதி விடைதான் கிடைக்கும்.

இதனை விளக்க ஏர்பஸ் ஏ380 என்னும் விமானத்தைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பிரான்சு நாட்டின் தூலூஸ் நகரில் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் அது முதன்முதலாக வானில் எழுந்தது. மூக்கு முதல் வால் வரை ஏறத்தாழ 73 மீட்டர் நீளம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறத்தாழ 80 மீட்டர். உயரம் 24 மீட்டர். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் எட்டு மாடிக் கட்டடத்தின் அருகே நிற்பது போல் இருக்கும். முன்னிருந்து பின்வரை முழு நீளத்திற்கும் இரண்டு தளங்கள் உடையது. கீழ்த்தளத்தின் உள்ளகலம் ஏறத்தாழ ஆறரை மீட்டர். மேல்தளம் சற்றுக் குறுகியது, 5.8 மீட்டர்.

இந்தக் கூட்டிற்குள் எத்தனை பேரை அமர்த்தலாம்? சட்டம் ஒரு மேல் வரம்பை வகுத்திருக்கிறது. விபத்து நேர்ந்தால், கதவுகளில் பாதி திறக்காமற் போனாலும், 90 விநாடிகளுக்குள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. 2006 மார்ச் மாதத்தில் ஹாம்பர்க் நகரில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். இருட்டிய கொட்டகையில், பதினாறு கதவுகளில் எட்டை மட்டும் திறந்து, 873 பேரைச் சறுக்கு மெத்தைகளின் வழியாக 78 விநாடிகளில் வெளியேற்றிக் காட்டினர். அவர்களில் 20 பேர் பணியாளர். ஆகவே 853 பிரயாணிகள் வரை ஏற்றலாம் என்று அனுமதி கிடைத்தது. பள்ளியில் நெருப்பு ஒத்திகை நடத்தி, மாணவர்களை வெளியே கொணர்வதற்குள் மூச்சு வாங்கிய எனக்கு, 78 விநாடி என்ற கணக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் 853 பேரை அடைத்துச் செல்ல எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. 2007 அக்டோபர் 25-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பறந்ததே இவ்விமானத்தின் முதல் பிரயாணிச் சேவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதில் அமைத்தவை 471 ஆசனங்கள். கீழ்த்தளத்தின் முன்புறத்தில் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய தனியறைகள் 12. மேல்தளத்தில் பிசினஸ் வகுப்பு 60. எஞ்சிய 399 ஆசனங்கள் எகானமி என்று சொல்லப்படும் சாதாரண வகுப்பு. பத்தாண்டு சென்று, 2017-இல், அதே கம்பெனி அதே வகை விமானத்தின் உள்ளமைப்பைப் புதிதாக வகுத்தது. மொத்தம் எண்ணிப் பார்த்தால் மீண்டும் அதே 471! ஆனால் பங்கீடு வேறு. தனியறைகள் பன்னிரண்டு ஆறாகச் சுருங்கி, மேல்தளத்திற்கு ஏறிவிட்டன. ஒவ்வொன்றிலும் நாற்காலி தனி, கட்டில் தனி. பிசினஸ் வகுப்பு 78 ஆயிற்று. 2007-இல் இல்லாத ‘பிரீமியம் எகானமி’ என்ற இடைநிலை வகுப்புக்கு 44 இடங்கள் கிடைத்தன. நடுத்தர வர்க்கம் வானத்திலும் தோன்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண வகுப்பு 399-லிருந்து 343-ஆகக் குறைந்தது. கூட்டுத்தொகை மாறாமலே உறுப்புகள் எவ்வாறு மாறக்கூடும் என்பதற்குக் கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத்தக்க உதாரணம் இது.

மற்றக் கம்பெனிகளின் கணக்கோ இன்னும் விசித்திரமானது. கொரியன் ஏர் 2011-இல் இவ்விமானத்தைப் பறக்கவிட்டபோது மேல்தளம் முழுவதையும் பிசினஸ் வகுப்புக்கே ஒதுக்கியது. 94 பேருக்கு ஒரு தளம்! கீழே முதல் வகுப்பு 12, சாதாரண வகுப்பு 301. ஆக 407 பேர்தான். கீழ்த்தளத்தின் பின்பகுதியில், ஆசனம் போடக்கூடிய இடத்தில், வரியில்லாப் பொருள்களை அடுக்கி வைத்துக் காட்டும் சிறு கடையையும் அமைத்தனர். எமிரேட்ஸ் கம்பெனியோ 2015-இல் முதல் வகுப்பையே நீக்கிவிட்டு, பிசினஸ் 58, சாதாரண வகுப்பு 557 என்று 615 பேர் அமரும் அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. கூடு ஒன்றே, ஒருவர் 407 பேரை ஏற்றினார், மற்றவர் 615 பேரை ஏற்றினார். வேறுபாடு 208 பேர். பெரிய பேருந்துகள் நான்கில் ஏற்றக்கூடிய கூட்டம் அது.

அதே எமிரேட்ஸ் கம்பெனியின் மூன்று வகுப்பு விமானங்களில்தான் வானத்தில் குளிக்கும் வசதி 2008-இல் வந்தது. மேல்தளத்தின் முன்முனையில் இரண்டு குளியலறைகள். முதல் வகுப்பில் உள்ள 14 பேருக்கு மட்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் விழும். அதற்குமேல் நின்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பதை நாம் அறிவோம். அத்தண்ணீரை ஏழு மைல் உயரத்திற்குத் தூக்கிக் கடலுக்கு மேலே சுமந்து செல்ல எரிபொருள் வேண்டும். அதனால்தான் இந்தச் சிக்கனம். மேல்தளத்தின் பின்முனையில் குதிரைலாட வடிவில் ஒரு மதுக்கூடமும் உண்டு. அதுவும் மேல்வகுப்பினருக்கே.

இவற்றையெல்லாம் விஞ்சியது அபுதாபியின் எத்திஹாத் கம்பெனி 2014 டிசம்பரில் கொண்டுவந்த ‘ரெசிடென்ஸ்’ என்னும் குடியிருப்பு. வரவேற்பறை, படுக்கையறை, குளியலறை என மூன்று பகுதிகள், இருவர் தங்கலாம், பரப்பு 125 சதுர அடி. இதனை ஒரு சிறு கணக்கால் அளந்து பார்ப்போம். சாதாரண வகுப்பு ஆசனம் ஒன்றின் அகலம் பதினெட்டரை அங்குலம் என்றும், ஓர் ஆசனத்திற்கும் அதற்கு முன்னுள்ள ஆசனத்திற்கும் இடைத்தூரம் 32 அங்குலம் என்றும் கொண்டால், ஒரு பிரயாணிக்குக் கிடைக்கும் இடம் நான்கு சதுர அடிக்குச் சற்று மேல். அப்படியானால் அந்தக் குடியிருப்பு முப்பது ஆசனங்களின் இடத்தை அடைக்கிறது. இருவருக்கு முப்பது பேர் இடம்!

இதைச் சொன்னதும் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. முப்பது பேர் இடத்தை அடைப்பவர் முப்பது பேர் கட்டணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது. என் கவலை வேறு. செய்தித்தாளும் விளம்பரமும் குளியலறையையும் கட்டிலையும் காட்டுகின்றன. “அந்த விமானத்தில் குளிக்கலாமாம்” என்று சொல்லிக்கொண்டு நம் மக்கள் சீட்டு வாங்குகின்றனர். பல விமான நிலையங்களில் மேல்தளத்திற்குத் தனிப் பாலம் போட்டு ஏற்றுகின்றனர். கீழ்த்தளத்துப் பிரயாணி மேலே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணாலும் காணாமல் ஏறி, கண்ணாலும் காணாமல் இறங்குகிறார். அவருக்கு வேண்டிய செய்தி விளம்பரத்தில் இல்லை. அது அவர் வரிசையில் எத்தனை பேர் என்பதாகும்.

அதற்கு வருமுன் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். விமானத்தில் ஆடம்பரம் என்பது எப்போதும் மேல்வகுப்பினருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. போயிங் 747 என்னும் ஜம்போ விமானம் 1970 ஜனவரி 22-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குத் தன் சேவையைத் தொடங்கியது. அவ்வளவு பெரிய விமானத்தை நிரப்பக் கூட்டம் அன்று இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டுக் கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயித்த காலம் அது. ஒரு கம்பெனி மற்றொன்றைவிடக் குறைத்து விற்க இயலாது. ஆகவே கம்பெனிகள் வசதியில் போட்டியிட்டன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஜம்போ விமானங்களில் சாதாரண வகுப்பின் பின்பகுதியிலிருந்த ஆசனங்களை எடுத்துவிட்டு, ஒரு கூடம் அமைத்து, அதில் மின்சாரப் பியானோ ஒன்றையும் வைத்தது. வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கலாம். மற்றவர் சுற்றி நின்று பாடலாம். கடைசி வகுப்புக்காரருக்குப் பியானோ!

நம் ஏர் இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. 1971-இல் வந்த அதன் முதல் ஜம்போவுக்கு ‘எம்பரர் அசோகா’ என்று பெயர். சாளரங்களைச் சுற்றி வெளிப்புறத்தில் ராஜஸ்தானத்து அரண்மனைச் சாளரங்களின் வளைவுகளைத் தீட்டியிருந்தனர். மேல்தளத்தில் முதல் வகுப்பினருக்கு ஓர் ஓய்வுக்கூடம் இருந்தது.

பியானோ நெடுநாள் நிலைக்கவில்லை. 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. 1978-இல் அமெரிக்க அரசு கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை இயற்றியது. அதன்பின் போட்டி விலையில் நடந்தது. விலையைக் குறைக்க வேண்டுமானால் ஆசனங்களைக் கூட்ட வேண்டும். கூடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இதில் நமக்கு நன்மையும் உண்டு என்பதை மறுக்கலாகாது. கட்டணம் இறங்கியிராவிட்டால், ஓய்வூதியம் வாங்கும் பள்ளி ஆசிரியன் சிட்னிக்குப் போய்ப் பேரக் குழந்தையைத் தூக்கியிருக்க முடியாது.

இப்போது வரிசைக் கணக்குக்கு வருவோம். ஜம்போ விமானம் வந்த புதிதில் சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு ஒன்பது பேர். சில ஆண்டுகளில் அது பத்தாயிற்று. விமானத்தின் சுவர் அகலவில்லை. ஆசனங்கள் மட்டும் ஒடுங்கின. 1995-இல் போயிங் 777 வந்தது. அதன் உள்ளகலம் 5.87 மீட்டர். அதிலும் பெரும்பாலான கம்பெனிகள் ஒன்பது பேர் வீதம் அமர்த்தின. ஆசனத்தின் அகலம் ஏறத்தாழ பதினெட்டரை அங்குலம். பின்னர் ஒவ்வொரு கம்பெனியாகப் பத்தாவது ஆசனத்தை நுழைத்தது. அகலம் 17 அங்குலத்திற்கு இறங்கியது. 2011-இல் போயிங் 787 சேவைக்கு வந்தது. வரிசைக்கு எட்டுப் பேர் என்று எண்ணி வரைந்த விமானம் அது. ஏறத்தாழ எல்லாக் கம்பெனிகளும் ஒன்பது பேரை அமர்த்திவிட்டன. 2012-இல் ஏர் இந்தியா வாங்கியவையும் அப்படியே.

விதிவிலக்காக நின்றது ஜப்பான் ஏர்லைன்ஸ். அந்நாட்டார் தம் 787 விமானங்களின் வெளிநாட்டுச் சேவையில் இரண்டு, நான்கு, இரண்டு என்று எட்டுப் பேரையே அமர்த்தினர். ஒன்பதாவது ஆசனத்தைப் போட்டால் வரிசைக்கு எட்டில் ஒரு பங்கு வருவாய் கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. அறிந்தே விட்டனர். வானத்துக் குளியலறையைக் காட்டிலும் இதை நான் பெரிய வசதியாகக் கருதுகிறேன். எந்தப் பத்திரிகை விளம்பரத்திலும் இதற்குப் படம் போட முடியாது. இல்லாத ஓர் ஆசனத்தை எப்படிப் படம் பிடிப்பது?

ஒன்றரை அங்குலம் பெரிதா என்று கேட்கலாம். நான்கு பேர் அமரும் பள்ளிப் பலகையில் ஐந்தாவது மாணவனை அமர்த்திப் பார்த்த ஆசிரியர்கள் இதற்கு விடை சொல்வார்கள். கேட்பதற்கு அற்பமான நெருக்கம். ஆனால் எழுதும்போது முழங்கை இடிக்கும். ஒருவன் அசைந்தால் ஐவரும் அசைவர். மூன்றாம் பாடவேளைக்குள் சண்டை மூண்டுவிடும். பாடவேளை முக்கால் மணி நேரம். விமானத்தில் பதினான்கு மணி நேரம். ஒருமுறை பெயர் சொல்லாமல் விடத்தக்க ஒரு கம்பெனியின் விமானத்தில், பையிலிருந்த அளவுகோலை எடுத்து, கைதாங்கிக்கும் கைதாங்கிக்கும் இடையே அளந்தேன். 17 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பெரியவர், “என்ன அளக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். “என் தோள் இருபது அங்குலம் இருக்குமே” என்றார். மிச்சம் மூன்று அங்குலமும் என் பக்கத்தில்தான் இருந்தது.

ஏ380 விமானம் இந்த நோயிலிருந்து தப்பியது. அதன் கீழ்த்தளத்தில் மூன்று, நான்கு, மூன்று என்று பத்துப் பேர். அகலம் பதினெட்டு அங்குலத்திற்குக் குறைவதில்லை. 2015-இல் ஏர்பஸ் கம்பெனியே, மூன்று, ஐந்து, மூன்று என்று பதினொருவரை அமர்த்தும் திட்டம் ஒன்றை முன்வைத்தது. நடு ஐவரில் மத்தியில் அகப்பட்டவர் எழுந்து போக வேண்டுமானால், எந்தப் பக்கம் திரும்பினாலும் இருவரைத் தாண்ட வேண்டும். நல்லவேளையாக எந்தக் கம்பெனியும் அதனை ஏற்கவில்லை. இரக்கத்தால் அன்று, இருந்த ஆசனங்களையே ஆண்டு முழுவதும் நிரப்ப முடியாமல் பலர் தவித்துக்கொண்டிருந்தபோது, பதினொன்றாவது ஆசனத்தை வைத்து யாரை அமர்த்துவது?

மேல்தளத்தில் சாதாரண வகுப்பு வைத்திருந்த கம்பெனிகளும் உண்டு. அங்கே இரண்டு, நான்கு, இரண்டு என்று எட்டுப் பேர்தான். சுவர் உட்புறமாக வளைவதால் சாளரத்தின் அருகே ஓர் இடைவெளி ஏற்படும். அதில் மூடியுடைய பெட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். மருந்து, மூக்குக்கண்ணாடி, செய்தித்தாள் எல்லாவற்றையும் எழாமலே எடுக்கலாம். கணவன் மனைவி இருவராகச் செல்வோருக்கு இதைவிடச் சிறந்த இடம் சாதாரண வகுப்பில் கிடையாது. மலேசியா ஏர்லைன்ஸ் இம்மேல்தளத்தில் 70 ஆசனங்கள் வைத்திருந்தது. 2012-இல் அப்பகுதியைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இல்லாத பகுதியாக்க முயன்றது. உலகெங்கும் அதைப்பற்றி வாதம் நடந்தது. வாழ்நாளெல்லாம் குழந்தைகளின் இரைச்சலிலேயே கழித்த எனக்கு அந்த ஏற்பாடு சிறிதும் பிடிக்கவில்லை. அழுகிற குழந்தைக்குக் காது அடைத்துக்கொண்டு வலிக்கிறது. நமக்கு அது வெறும் ஓசை. பிற்காலத்தில் அக்கம்பெனி ஏ380 விமானங்களையே கைவிட்டுவிட்டது.

முதியோர் கவனிக்க வேண்டிய சில சிறு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நடைபாதைகள் உள்ள பெரிய விமானங்களில், நடக்க இயலாதவர் உள்ளே சென்று திரும்பத்தக்க கழிவறை ஒன்றேனும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி 1990 முதல் வற்புறுத்துகிறது. பெரும்பாலும் இரண்டு சிறு கழிவறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பை விலக்கி ஒன்றாக்குவார்கள். விமானத்திற்குள் தள்ளிச் செல்லும் குறுகிய சக்கர நாற்காலியும் உண்டு. கேட்டால் கொடுப்பார்கள், கேளாவிட்டால் யாருக்கும் தெரியாது. நம் பெரியவர்களோ பணிப்பெண்ணைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்தால் எழ வேண்டியிருக்குமே என்று பத்து மணி நேரம் தொண்டை நனைக்காமல் இருந்துவிடுகின்றனர். இதுவே பெருந்தீங்கு. விமானத்தினுள் காற்று மிகவும் வறண்டது. அசையாமல் அமர்ந்திருந்தால் காலின் இரத்தநாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஆகவே சாளர ஓரத்துக் காட்சியை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, நடைபாதை ஓரத்து ஆசனத்தைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

உணவைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சைவ உணவு வேண்டுவோர் புறப்படுவதற்கு ஒரு நாளைக்கு முன்பாவது பதிவு செய்துவிட வேண்டும். பதிவு செய்தவருக்கு மற்றவரைவிட முன்னதாகவே தட்டு வந்துவிடும் என்பது ஓர் உபரி இலாபம். சிங்கப்பூர், எமிரேட்ஸ் முதலிய கம்பெனிகளின் திரைகளில் தமிழ்ப் படங்களும் இருக்கின்றன.

ஏ380 விமானத்தின் கதை ஒருவாறு முடிந்துவிட்டது. நான்கு எஞ்சின்கள் குடிக்கும் எரிபொருளை இரண்டு எஞ்சின் விமானங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த கம்பெனிகள், ஆர்டர் கொடுப்பதை நிறுத்தின. 2019 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக ஏர்பஸ் அறிவித்தது. மொத்தம் 251 விமானங்கள். கடைசி விமானம் 2021 டிசம்பரில் எமிரேட்ஸ் கம்பெனியிடம் சேர்ந்தது. அந்த ஒரு கம்பெனி மட்டும் வாங்கியவை 123. இருப்பவை இன்னும் சில காலம் பறக்கும். அவை ஓய்வு பெற்றபின் நம்மைச் சுமக்கப் போகிறவை 777, 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவையும் அவற்றின் பின்னோருமே. ஏ350 விமானத்தில் ஒன்பது பேர் அமர்ந்தால் ஆசனம் 18 அங்குலம். அங்கேயும் பத்தாவது ஆசனத்தைப் போட்டுவிட்ட கம்பெனிகள் பிரான்சிலேயே இருக்கின்றன. ஆகவே விமானத்தின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. வரிசையில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து அறிய வேண்டும்.

அதை எவ்வாறு அறிவது? சீட்டிலோ முன்பதிவுத் தாளிலோ விமானத்தின் வகை சுருக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும். 388 என்றால் ஏ380. 359 என்றால் ஏ350-இன் ஒரு வகை. 789 என்றால் போயிங் 787-இன் ஒரு வகை. 77டபிள்யூ என்றால் 777-இன் நீண்ட வகை. ஆசனம் தேர்ந்தெடுக்கும்போது கம்பெனி காட்டும் வரைபடத்தில் ஒரு வரிசையைக் குறுக்கே எண்ணிப் பாருங்கள். 77டபிள்யூ விமானத்தில் ஒன்பது எண்ணினால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். பத்து எண்ணினால், பயண நேரத்தையும் கட்டண வித்தியாசத்தையும் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். பத்துப் பேர் விமானத்தில்தான் போயாக வேண்டும் என்ற நிலை வந்தால், வாலை நோக்கிக் கடைசி சில வரிசைகளைப் பாருங்கள். கூடு அங்கே குறுகுவதால் பல கம்பெனிகள் ஓரத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு ஆசனங்களே வைத்திருக்கின்றன. சுவரோரம் கைப்பை வைக்கச் சற்று இடமும் மிஞ்சும். கழிவறை அருகில் இருக்கும். இறங்கும்போது கடைசியாகத்தான் இறங்க நேரிடும். அவசரமில்லாத ஒரு வயதான தம்பதிக்கு அது குறையாகத் தோன்றாது.